அழுக்குப் பக்கங்களை மட்டும் படித்தேன்

மார்ச் 2

கார் இன்றும் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஒரு இருமல், ஒரு உலுக்கல், அப்புறம் மௌனம். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஹாரன் அடித்தால் நின்ற கார் பயந்துபோய் ஓடும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ. கண்ணாடியை இறக்கி, "நீ வந்து ஓட்டுப்பா, நான் அங்க உக்காந்து ஹாரன் அடிக்கிறேன்" என்றேன். ஒதுங்கிப் போய்விட்டான்.

நாத்தனார் பக்கத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கார் நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. "வந்துட்டோமா அண்ணி?" என்றாள்.

மார்ச் 4

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இவனுக்கு டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான், நாடி பார்க்கிற மாதிரி. கண்ணைத் திறந்தால் தீர்ப்புதான்.

"பாட்டிம்மா, இன்ஜினையே எறக்கணும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? பேசாம எங்கிட்ட தள்ளிவிட்டுடுங்க."

"எதை வச்சு இன்ஜினை இறக்கணும்ங்கிற?"

"சத்தம்தான்."

"என்ன சத்தம்?"

"அது உங்களுக்குச் சொன்னா புரியாது."

எனக்குப் புரியாது! கோட்டு தைக்க எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை. ஒரு பழைய கோட்டை வாங்கி, தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, திருப்பித் தைத்தேன். அப்படிக் கற்றுக்கொண்டுதான் கடை வைத்தேன், மெஷினை நானே கழற்றி நானே பூட்டினேன், எத்தனையோ பெண்களை வேலைக்கு வைத்து நிமிர்த்தினேன். சத்தத்தை மூடுமந்திரமாக வைத்துக்கொள்பவனுக்குச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் வாய் ஓயாமல் சொல்வான். அனுப்பிவிட்டேன். போகும்போதும் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனான். பெண் பார்க்க வந்தவன் கெட்டான்.

மார்ச் 7

மகன் வந்தான். வரும்போதே முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு வந்தால் ஏதோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

தெருமுனை வரைக்கும் வந்துகொண்டிருந்த பஸ் போன வருஷமே நின்றுவிட்டது. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கார் ஒன்றுதான் வழி. அந்தக் காருக்கு இந்த மாதக் கடைசியில் தகுதிச் சோதனை. இதுதான் அவன் பிடித்த பிடி.

"அம்மா, கார் இல்லாம இந்த வீட்ல உங்களால இருக்க முடியாது. எங்கூட வந்துடுங்க. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

"அத்தை?"

"அத்தைக்கு நல்ல இல்லமா பாத்து வச்சிருக்கேன். தோட்டமெல்லாம் இருக்கு."

தோட்டமாம். அவள் செடியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவன் வீட்டில் என்னைப் போட நினைத்திருக்கும் அறையை எனக்குத் தெரியும். துணி காயப்போடும் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறைக் குழாய்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். "கார் சோதனையில தேறலைன்னா வர்றேன்டா" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்னது சொன்னதுதான். மருமகளுக்கு உடனே போன் போட்டு, "அம்மா ஒத்துக்கிட்டாங்க" என்கிறான். முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வதில் அப்பாவைப் போலவே தேர்ந்தவன்.

மார்ச் 8

டாக்டரிடம் போகமாட்டேன். நானே பார்க்கிறேன்.

மார்ச் 10

காரோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வழவழ தாள். சாம்பல் கிண்ணத்தைத் திறப்பது எப்படி என்று ஒரு பக்கம், படத்தோடு. இருக்கையை முன்னால் தள்ளுவது எப்படி என்று இரண்டு பக்கம். இன்ஜின் என்று வந்தவுடன், "அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்." அடுத்த பக்கமும் அணுகவும். அதற்கடுத்ததும். அணுகுவதற்குக் கார் ஓட வேண்டாமா, அறிவுக்கொழுந்துகளே?

மகன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்து அனுப்பினான். அக்கறையாம். படமெல்லாம் எக்ஸ்ரே மாதிரி ஒரே கறுப்பு. அதிலும் அது டீசல் வண்டிக்கு. என் கார் பெட்ரோல். நான் தோற்க வேண்டும் என்று நினைக்கிறவன் அனுப்பும் உதவி இப்படித்தான் இருக்கும்.

மார்ச் 12

போனில் வீடியோ பார்த்தேன். ஒருவன் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். வணக்கம் சொன்னான். மணியை அழுத்தச் சொன்னான். தன் புதுச் சட்டையைக் காட்டினான். முக்கியமான இடம் வந்ததும் காமிராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். நிமிர்ந்து, "அவ்ளோதாங்க!" என்றான்.

எவ்வளவுதாங்க? உன் முதுகைப் பழுது பார்க்கவா உட்கார்ந்திருக்கிறேன்?

மார்ச் 15

கிடைத்தது.

நூலகத்தில் கழித்துக்கட்டின புத்தகங்களைப் பின்வாசல் பக்கம் குவித்து வைத்திருந்தார்கள். நூலகக்காரி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே, "அதெல்லாம் யாரும் எடுக்கிறதில்லம்மா, நீங்களே வச்சுக்கங்க" என்றாள். யாரும் எடுப்பதில்லையாம். புத்தகத்தின் கோலத்தைப் பார்த்தாலே தெரியும், எத்தனை கை பட்டிருக்கிறது என்று. கண் இருந்தும் என்ன பிரயோசனம், எல்லாம் நகத்தில் இருக்கிறது.

தடித்த புத்தகம். அட்டை போய்விட்டது. என் கார்தான், அதே இன்ஜின், அதே வருஷம். பழுது நீக்கும் கையேடு. வீட்டுக்கு வந்ததும் புரட்டினேன். சில பக்கங்களில் கிரீஸ் விரல் ரேகை அப்பியிருக்கிறது. எண்ணெய் வட்டம், டீ வட்டம். சில பக்கம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. எனக்கு ஒரு கணக்கு உடனே பிடிபட்டது. அழுக்கான பக்கம் உதவின பக்கம். சுத்தமான பக்கம் எவனுக்கும் உதவாத பக்கம். முன்னுரை ஒரு பொட்டு அழுக்கில்லாமல் பளபளக்கிறது. முன்னுரை எழுதுகிறவன் எவனும் வேலை செய்கிறவன் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். தன்னைப் பெற்றவர்களுக்கும் தட்டச்சு செய்தவருக்கும் நன்றி சொல்லியிருப்பான். தள்ளிவிட்டேன்.

மார்ச் 16

எழுதினவன் மனிதன். வளவளப்பு இல்லை. "இதை நீங்களே செய்யலாம். திருகு மசியவில்லையென்றால் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள்." இப்படி எழுதுகிறான். எந்த ஸ்பேனர், எத்தனை சுற்று, எங்கே கை கிழியும், எல்லாம் இருக்கிறது. என்னை எங்கேயும் அணுகச் சொல்லவில்லை.

இவ்வளவு வயசுக்கு ஒரு ஆண்பிள்ளை எனக்கு ஒரு விஷயத்தை முழுசாக, இடையில் "விடு, உனக்கு வராது" என்று சொல்லாமல், விளக்கிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் அச்சில்.

மார்ச் 18

ஏற்றத்தில் இருமுவது, ஈரக் காற்றடித்தால் கிளம்ப மறுப்பது. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டிருக்கிறான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பார் என்கிறான். நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறியைப் பங்கு போடுகிற சாமான் அது. மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே முடி மாதிரி ஒரு விரிசல், கறுப்பு நூல் ஓடின மாதிரி. என் கண்ணுக்கு நூல் தப்புமா? தீப்பொறி அந்த வழியாகக் கசிந்து போகிறது.

இன்ஜினை இறக்கணுமாம்! உள்ளங்கையில் அடங்குகிற மூடிக்கு!

டாக்டர் தெருவில் போனான். "என்ன பாட்டிம்மா, பேஷண்ட் எப்படி இருக்கு?" என்றான். "டாக்டரை மாத்தின உடனே தேவலை" என்றேன்.

மார்ச் 20

உதிரிபாகக் கடை. கவுன்டர்காரன் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம், "உங்களுக்கு என்ன சார்?" என்கிறான். அந்த ஆள் கையில் வைத்திருந்தது வாசனை அட்டை. கண்ணாடியில் தொங்கவிட. நான் மூடியும், அதிலிருந்து சிலிண்டர்களுக்குத் தீப்பொறி கொண்டுபோகிற பிளக் வயர் நாலும் கேட்டேன், புத்தகத்தில் இருந்த எண்ணோடு. "மெக்கானிக் எழுதிக் குடுத்தாராம்மா?" என்றான். "ஆமாம்பா. அவர்தான் உன் முன்னால நின்னுக்கிட்டிருக்கார்" என்றேன்.

மார்ச் 21

போச்சு.

எல்லா வயரையும் ஒரே மூச்சில் உருவினேன். முழுசாகப் பிரித்துவிட்டுத்தான் தைக்க வேண்டும், அதுதான் என் பழக்கம். புது மூடியைப் பொருத்தினேன். வயர்களைப் புத்தகம் சொன்னபடியே செருகினேன். "முதல் சிலிண்டர் இன்ஜினின் வலக்கோடியில் இருக்கிறது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். பானெட் முன்னால் நின்றுகொண்டு, வலது கைப்பக்கம் ஒன்று, அடுத்தது இரண்டு, மூன்று, நாலு. ஒரு தப்பும் இல்லை. மூன்று தடவை சரிபார்த்தேன்.

சாவியைத் திருப்பினேன். கார் கிளம்பவில்லை. தும்மியது. தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை, பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டர் வாய் வழியாக வெடி. இறங்கிப் போய் எட்டிப் பார்த்தால் புகை முகத்தில் அடித்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி வெடி. பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டதாம், அந்த வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் செய்தி சொல்ல இவள் ஒருத்திதான் பாக்கி.

இருமிக்கொண்டாவது ஓடிக்கொண்டிருந்த கார். இப்போது அதுவும் இல்லை. நான்தான் கெடுத்தேனா?

இல்லை. புத்தகம்தான்.

மார்ச் 22

தூக்கமே இல்லை. படுபாவி, நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான். "நீங்களே செய்யலாம்"னு எழுதத் தெரியுது, எது வலதுன்னு எழுதத் தெரியலையா? எத்தனை பேர் இவன் பேச்சைக் கேட்டு முகம் கருகி நிக்கிறாங்களோ!

பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். "ஐயா, தங்கள் கையேட்டை எழுதியவர் வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அவருக்கு எந்தக் கையால் சம்பளம் கொடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்." இன்னும் இருக்கிறது. நன்றாகவே வந்திருந்தது. தபாலில் போட்டுவிட்டேன்.

மகன் போன் செய்தான். வீடு வாடகைக்கு என்று விளம்பரம் கொடுத்துவிட்டானாம். "சோதனைக்கு இன்னும் நாள் இருக்குடா" என்றேன். "இருக்கட்டும்மா, ஒரு முன்னேற்பாடுதான்" என்றான். இவன் பிறந்தபோதே இப்படித்தான், தேதிக்கு முன்னாலேயே.

மார்ச் 23

நாத்தனார் தன் டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. துணி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பழைய பத்திரிகை.

"அண்ணி, அந்த இல்லத்துல தலைமாட்டுல லைட் இருக்குமா?"

"இருக்கும்."

"ராத்திரி எத்தனை மணிக்கு அணைப்பாங்க?"

எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன அங்கே வார்டனா? கத்திவிட்டேன். கத்தினால் கோபித்துக்கொண்டு போகவாவது செய்யலாம். இவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அடுக்குகிறாள். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு வேலைக்கு லாயக்கில்லை. ஊசியில் நூல் கோர்க்க ஒரு பகல் போதாது. வெந்நீர் வைத்தால் தீயும். தெரிந்தது ஒன்றே ஒன்று, எது கையில் கிடைத்தாலும் அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பது. இப்படி ஒருத்தியைத் தோட்டத்தைக் காட்டி ஏமாற்றி அனுப்புவதா?

அனுப்புவது நான்தானே. என் வாய்தானே.

மார்ச் 24

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் மடியில் அந்தக் கையேடு. அடுக்க வேண்டிய பத்திரிகையெல்லாம் படித்ததாம், இது படிக்காததாம். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள், கதைப்புத்தகம் மாதிரி.

"நல்லா எழுதியிருக்கார் அண்ணி. முன்னுரையில அவர் மனைவிக்கு ஒரு வரி நன்றி. பாதி வேலை அவங்க விளக்கைப் பிடிச்சதாலதான் முடிஞ்சுதாம்."

"ரொம்ப முக்கியம்."

"அப்புறம் இந்தப் புத்தகத்துல வலது இடதுன்னு வர்ற இடமெல்லாம் ஓட்டுறவங்க சீட்டுல உக்காந்து முன்னால பாக்கிற வலது இடதுதானாம். பானெட் முன்னால நின்னு பாத்தா மாறிப்போயிடும்னு போட்டிருக்கார்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. "கடையில இதுக்குத்தானே அண்ணி அந்தப் புள்ளைங்களை அழவைப்பீங்க? சட்டைக்கு இடதுன்னா போடறவனுக்கு இடது, எதிர்ல நின்னு தைக்கிற உனக்கு இடது இல்லைடி மூதேவின்னு. காருக்கும் அதான் போல."

"போதும்."

"இல்ல, மூதேவின்னு சொன்னது உங்களை இல்ல—"

"போதும்னேன்!"

அதே நாள், மதியம்

நாலு வயரையும் கழற்றினேன். ஒன்று இருந்த இடத்தில் நாலு, இரண்டு இருந்த இடத்தில் மூன்று, எல்லாம் தலைகீழ். அவள் கூடவே வந்து நின்றாள். பட்டப்பகலில் டார்ச்சை அடித்துக்கொண்டு. எதற்கு என்று கேட்டேன். "விளக்கு பிடிக்கிறேன்" என்கிறாள். முன்னுரையில் படித்ததை உடனே செயல்படுத்துகிறாளாம்.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, உலுக்கல் இல்லை. புதுத் தையல் மெஷின் மாதிரி ஒரே சீரான சத்தம். பாலத்து ஏற்றம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். டாக்டர் கடை வழியாகத்தான். அது சுற்றுவழி.

மார்ச் 25

பதிப்பகத்துக்கு இரண்டாவது கடிதம். மன்னிப்பெல்லாம் இல்லை. "ஐயா, இவ்வளவு முக்கியமான விஷயத்தை யாரும் படிக்காத முன்னுரையில் ஒளித்து வைத்தது மாபெரும் பிழை. அடுத்த பதிப்பில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். மற்றபடி புத்தகம் பயன்பட்டது."

கடைசி வரியை அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

மார்ச் 27

தகுதிச் சோதனை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புதுக் கார், தேறவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைப்பானேன்.

சோதனை அதிகாரி சின்னப் பையன், மீசை நறுக்கினவன். கிடுகிடுவென்று பார்த்தான். புகை சரி. பிரேக் சரி. பானெட்டைத் திறந்தவன், "மூடி புதுசா இருக்கே, எங்க மாத்தினீங்க?" என்றான்.

"வீட்ல."

"வீட்டுக்கு வந்து மாத்திக் குடுத்தாங்களா? யார் மெக்கானிக்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் கண்ணாடியை இறக்கி, "அண்ணிதான் மாத்தினாங்க. நான் விளக்கு பிடிச்சேன்" என்றாள். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முத்திரை குத்திக் கொடுத்தான்.

மகனுக்குப் போன் போட்டேன். "தேறிடுச்சு" என்றேன். "சரிம்மா, ஆனா அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தான். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5

மத்தியானம் வாசலில் ஒரு புருஷனும் பெண்சாதியும். பெரிய சாலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள், இருவரும் வேர்த்து வழிந்துகொண்டு. விளம்பரம் பார்த்து வந்தார்களாம். மகன் அதை எடுக்கவேயில்லை. எடுப்பானா?

தண்ணீர் கொடுத்தேன். வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நடந்து வந்தவர்களை வாசலோடு திருப்ப மனசு வரவில்லை, பார்த்துத் தொலையட்டும் என்று விட்டேன். அந்தப் பெண் சமையலறையில் அலமாரியைத் திறந்து திறந்து மூடினாள், இன்றைக்கே சாமான் அடுக்கப்போகிற மாதிரி. புருஷன் சுவரைத் தட்டிப் பார்த்தான். என்ன சத்தம் கேட்டதோ அவனுக்கு.

"உங்ககிட்ட கார் இருக்கா?" என்றேன்.

"இல்லம்மா."

"அப்ப இங்க இருக்க முடியாது. பஸ் கிடையாது."

நாத்தனார் அறைக் கதவைப் புருஷன் தள்ளினான். உள்ளே அவள் கட்டிலில் சாய்ந்து, கையேட்டில் கிளட்ச் அத்தியாயத்தில் இருந்தாள். தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நடுப்பகலில். டிரங்குப் பெட்டி காலியாகக் கிடந்தது, பத்திரிகையெல்லாம் மறுபடி அலமாரியில்.

"இந்த ரூம் எப்ப காலியாகும்மா?"

"ஆகாது. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்" என்றேன்.

வெயிலில் திரும்ப நடக்கவிட்டால் பாவம் என்று காரில் ஏற்றிக்கொண்டுபோய் பெரிய சாலை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வந்தேன். நான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டு நாத்தனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"யார் அண்ணி வந்தது?"

"வழி தெரியாம வந்தவங்க."

"வழி சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். நீ படி."